மோட்டார்ஹோமின் ஏர் சிஸ்டத்துக்கு வெளிக் கம்ப்ரசர் இணைப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏர் பிரேக்கும் ஏர் சஸ்பென்ஷனும் (வண்டியின் உடலைத் தாங்கும் காற்றுப் பைகள்) உள்ள டீசல் மோட்டார்ஹோம்களுக்கான, அதாவது உள்ளேயே தங்கி வாழும் வசதியுள்ள பெரிய வண்டிகளுக்கான பக்கம் இது. இன்ஜினை ஓட்டாமலே, வெளியிலிருக்கும் கம்ப்ரசரைக் கொண்டு டேங்குகளை நிரப்ப ஓர் இணைப்பு வைப்பதைப் பற்றிய கேள்விகளும் பதில்களும் இங்கே. காற்றை உள்ளே தள்ளுவது பெரிய வேலையே இல்லை. எந்த இடத்தில் சேர்க்கிறோம், எவ்வளவு உலர்ந்த காற்றைச் சேர்க்கிறோம் என்ற இரண்டில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள்.

இன்ஜினிலேயே கம்ப்ரசர் இருக்கும்போது வெளிக் கம்ப்ரசர் எதற்கு?

நிறுத்திவைத்த வண்டியில் காற்று மெல்ல மெல்ல இறங்கும். ஒரு வாரம் கழித்துக் கிளம்பும்போது டேங்குகள் காலியாக இருந்தால், அழுத்தம் ஏறி, வண்டி உயர்ந்து, பிரேக் விடும்வரை இன்ஜினை ஐடிலில் ஓட்ட வேண்டும். பக்கத்தில் ஆட்கள் தூங்கிக்கொண்டிருக்கும் முகாமில் விடியற்காலை ஐந்து மணிக்கு அதைச் செய்தால் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. குளிர்ந்த டீசல் இன்ஜினை நெடுநேரம் ஐடிலில் விடுவது இன்ஜினுக்கும் நல்லதல்ல.

இன்னொரு பயன் பலருக்கும் தோன்றாதது: லீக் தேடுவது. இன்ஜின் சத்தத்தில் சின்ன லீக்கின் சீறல் காதில் விழாது. வெளிக் கம்ப்ரசரால் அழுத்தத்தை ஏற்றி, அதையும் நிறுத்திவிட்டால், வண்டிக்கடியில் எது சீறுகிறது என்று காதாலேயே கண்டுபிடிக்கலாம். இன்ஜின் இயங்காத வண்டியின் ஸ்பிரிங் பிரேக்கை (காற்று இல்லாதபோது ஸ்பிரிங்கால் பிடித்துக்கொள்ளும் பார்க்கிங் பிரேக்) விடுவிக்கவும் இது உதவும். அதைக் கடைசியில் பார்ப்போம்.

வண்டிக்குள் காற்று எந்த வழியாகப் போகிறது?

இன்ஜின் கம்ப்ரசரிலிருந்து சூடான காற்று டிஸ்சார்ஜ் குழாய் வழியாக ஏர் ட்ரையருக்குப் போகும். அங்கே ஈரமும் எண்ணெயும் பிடிபட்டபின் முதல் டேங்குக்கு வரும். இதுதான் வெட் டேங்க், அதாவது சப்ளை டேங்க். அங்கிருந்து இரண்டு தனித்தனி செக் வால்வுகளின் (காற்றை ஒரே திசையில் மட்டும் விடுபவை) வழியே பிரைமரி, செகண்டரி பிரேக் டேங்குகளுக்குப் பிரியும். சஸ்பென்ஷனுக்கும் ஹார்ன் போன்ற உபரி வேலைகளுக்கும் போகும் காற்று, பிரஷர் புரொடெக்‌ஷன் வால்வு ஒன்றைக் கடந்துதான் போகும்; போதிய அழுத்தம் ஏறிய பிறகே அது வழிவிடும்.

அழுத்தத்தைக் கட்டுப்படுத்துவது கவர்னர். பெரும்பாலான வண்டிகளில் 120 முதல் 135 பிஎஸ்ஐக்குள் (பிஎஸ்ஐ என்பது அழுத்த அலகு) அது கம்ப்ரசரின் சுமையை விலக்கும், இது கட்-அவுட். அழுத்தம் அதிலிருந்து 20, 25 பிஎஸ்ஐ இறங்கியதும் மறுபடி சுமையேற்றும்; இது கட்-இன். கட்-அவுட் ஆகும் அதே நொடியில் ட்ரையரின் பர்ஜ் வால்வும் திறந்து, சேர்ந்த தண்ணீரை "புஸ்ஸ்" என்று வெளியே துப்பும். வெட் டேங்கில் ஒரு சேஃப்டி வால்வும் இருக்கும், வழக்கமாக 150 பிஎஸ்ஐக்கு. இந்த எண்கள் கீழே திரும்பத் திரும்ப வரும்.

அப்படியானால் வெளிக்காற்றை எங்கே சேர்ப்பது?

வெட் டேங்கில். வேறு வழியே இல்லை என்றால்தான் மற்ற இடங்கள்.

பிரைமரி அல்லது செகண்டரி டேங்கின் வடிகால் வாயில், காற்றுக்குழாயை மாட்டும் முனையான நிப்பிள் ஒன்றைப் போட்டுக் காற்றடித்தால் வேலை முடிந்துவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. அந்த ஒரு டேங்க் மட்டும்தான் நிரம்பும். அதன் வாயிலில் இருக்கும் செக் வால்வு காற்றைத் திரும்ப வெட் டேங்குக்கு விடாது; அதனால் அடுத்த பிரேக் டேங்குக்கும் காற்று போகாது. டேஷ்போர்டில் ஒரு முள் 110 காட்டும், மற்றது சுழியத்திலேயே கிடக்கும். பிரேக் டேங்கில் புதிதாக ஒரு இணைப்பைச் சேர்த்தால், பிரேக்கின் உயிர்நாடியில் புதிதாக ஒரு லீக் வாய்ப்பையும் சேர்த்ததாகும்.

வெட் டேங்கில் சேர்த்தால் இரண்டு பிரேக் டேங்குகளும் சஸ்பென்ஷனும் இயல்பான வழியிலேயே நிரம்பும். ட்ரையரின் வெளிவாயிலில் உள்ள செக் வால்வு, காற்று ட்ரையருக்குத் திரும்பாமல் தடுக்கும். வெளிக்காற்றை ஏற்றும்போது கவர்னர் கட்-அவுட் ஆகி பர்ஜ் வால்வு திறந்தாலும் டேங்கில் இருப்பது வீணாகாது.

இதிலுள்ள ஒரே குறை, காற்று ட்ரையரைத் தவிர்த்துவிட்டு வருகிறது என்பது. அதனால்தான் வெளியிலேயே காற்றை உலர்த்தியாக வேண்டும்.

ட்ரையருக்கு முன்னால், டிஸ்சார்ஜ் குழாயில் ஒரு டி (T வடிவ இணைப்பு) போட்டுச் சேர்த்தால் ட்ரையரே உலர்த்திவிடாதா?

கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. செய்து பார்த்தால் மூன்று இடத்தில் இடிக்கும்.

முதலாவது, வெப்பம். இன்ஜின் கம்ப்ரசரை ஒட்டிய குழாயில் காற்றின் வெப்பம் 150 டிகிரி செல்சியசைத் தாண்டும். ட்ரையர் வாயிலுக்கு வருவதற்குள் அது சுமார் 80 டிகிரிக்குக் கீழே ஆறியிருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்தக் குழாயை நீளமாக ஓட்டியிருக்கிறார்கள். நைலான் குழாயும் நிப்பிளைச் செருகும், ரப்பர் ஓ-ரிங் உள்ள கப்ளரும் அந்தச் சூட்டில் நீடிக்காது. டி போட்டே தீரவேண்டுமானால் ட்ரையரை ஒட்டியே போட வேண்டும்.

இரண்டாவது, பர்ஜ். இன்ஜினை நிறுத்தியபோது கவர்னர் கட்-அவுட் நிலையில் இருந்திருந்தால், அழுத்தம் கட்-இன் அளவுக்கு இறங்கும்வரை பர்ஜ் வால்வு திறந்தேதான் இருக்கும். டேங்கில் 115 இருக்கும்போது வெளிக் கம்ப்ரசரை மாட்டினால், சாதாரண ட்ரையரில் அந்தக் காற்று முழுவதும் ட்ரையரின் அடிவழியே சீறிக்கொண்டு வெளியே போகும். டர்போ கட்-ஆஃப் வால்வு உள்ள ட்ரையரில் உள்வழி மூடிக்கொள்ளும். சத்தமும் வராது, காற்றும் ஏறாது. இரண்டிலுமே பிரேக் பெடலைப் பலமுறை மிதித்து அழுத்தத்தைக் கட்-இன்னுக்குக் கீழே இறக்கினால்தான் வழி திறக்கும்.

மூன்றாவது பிரச்சினை உடனே தெரியாது. மேலே சொன்ன தொல்லை வராமலிருக்க, வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரைக் கட்-அவுட்டுக்குக் கீழே வைப்போம். அப்போது ட்ரையர் ஒருமுறைகூடப் பர்ஜ் ஆகாது. பர்ஜ் ஆகாத ட்ரையர், உள்ளே இருக்கும் ஈர உறிஞ்சியை மீண்டும் உலர்த்திக்கொள்ளாது. மாதக்கணக்கில் இப்படியே ஏற்றினால் உறிஞ்சி நீரில் ஊறி, ட்ரையர் வெறும் டப்பாவாகிவிடும்.

இந்த வழியில் போகிறவர்கள் ஒன்றை மட்டும் செய்யக்கூடாது: வெளிக்காற்று இன்ஜின் கம்ப்ரசருக்குத் திரும்பக்கூடாது என்று டிஸ்சார்ஜ் குழாயின் நடுவில் செக் வால்வு போடுவது. கம்ப்ரசருக்குள்ளேயே டிஸ்சார்ஜ் வால்வு இருக்கிறது. அந்தக் குழாயில் கரி படியும். கரி படிந்த செக் வால்வு மூடியபடியே சிக்கிக்கொண்டால் கம்ப்ரசர் தலையில் அழுத்தம் எகிறும்.

எங்கள் வண்டியில் தனி வெட் டேங்கே இல்லை. என்ன செய்வது?

கவர்னர், பர்ஜ் டேங்க், பாதுகாப்பு வால்வுகள் எல்லாவற்றையும் ஒரே உடலில் சேர்த்த ட்ரையர்கள் உண்டு. அவை நேராகவே பிரைமரி, செகண்டரி டேங்குகளுக்குக் காற்றை அனுப்பும். அந்த அமைப்பில் ட்ரையரின் உள்வாயில் பக்கம்தான் சேர்க்க முடியும். மேலே சொன்ன மூன்று சிக்கலும் கூடவே வரும். சில ட்ரையர்களில் இரண்டாவது உள்வாயில் ஒன்று பிளக் போட்டு மூடியிருக்கும். உங்கள் மாடலின் வரைபடத்தில் அது உள்வாயில்தான் என்று உறுதியானால் டி போடாமலே வேலை முடியும். வரைபடம் கிடைக்காமல் எந்த பிளக்கையும் கழற்ற வேண்டாம்.

முன்பக்கம் டயருக்குக் காற்றடிக்க ஒரு கப்ளர் இருக்கிறதே, அதன் வழியாகவே ஏற்ற முடியாதா?

சில வண்டிகளில் முடியும், சிலவற்றில் முடியாது. அந்தக் கப்ளர் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது அது. வெட் டேங்கிலிருந்து நேராக வந்திருந்தால் இரு முனையிலும் ஆண் நிப்பிள் உள்ள ஓஸ் (வளையும் காற்றுக்குழாய்) ஒன்று போதும். பிரஷர் புரொடெக்‌ஷன் வால்வுக்கு அப்பால், சஸ்பென்ஷன் பக்கத்திலிருந்து வந்திருந்தால் காற்று அந்தப் பக்கத்தோடு நின்றுவிடும். பிரேக் டேங்குகளுக்கு வராது. வழியில் செக் வால்வு இருந்தால் எங்குமே போகாது. ஐந்து நிமிடம் காற்றை ஏற்றிவிட்டு, சாவியைப் போட்டு டேஷ்போர்டில் இரண்டு முள்ளும் சேர்ந்து ஏறுகின்றனவா என்று பாருங்கள். ஏறினால் இந்தப் பக்கத்தில் பாதி உங்களுக்குத் தேவையில்லை. இழுவை வண்டிக்காரர் காற்று கொடுப்பதற்கென்றே முன்பம்பர் அருகே வாயில் வைத்திருக்கும் வண்டிகளும் உண்டு. புதிதாகத் துளை போடுமுன் அதைத் தேடிப் பாருங்கள்.

என்னென்ன பாகங்கள் வேண்டும்?

டேங்க் முனையிலிருந்து வெளியே வரும் வரிசையிலேயே சொல்கிறோம். வெட் டேங்கின் காலி வாயிலுக்கு ஏற்ற பித்தளை அடாப்டர். வாயில் பெரும்பாலும் 1/2 அல்லது 3/4 அங்குல என்பிடி (குழாய்களுக்கான த்ரெட் அளவுமுறை) த்ரெட். காலி வாயில் இல்லையென்றால் வடிகால் வாயிலுக்கு ஒரு பித்தளை டி. அதை ஒட்டியே 1/2 அல்லது 3/8 அங்குலச் செக் வால்வு ஒன்று, ஏர் பிரேக் தரத்தில். பிறகு 3/8 அங்குல நைலான் ஏர் பிரேக் குழாய், எஸ்ஏஇ ஜே844 என்று அச்சிட்டது, தேவையான நீளத்துக்கு. அதற்கேற்ற ஏர் பிரேக் ஃபிட்டிங்குகள். லக்கேஜ் அறைச் சுவரைக் கடந்து குழாயை இணைக்க ஒரு பல்க்ஹெட் ஃபிட்டிங். அறைக்குள் காற்றைத் திறந்து மூட ஒரு பால் வால்வு (ball valve), 0 முதல் 200 பிஎஸ்ஐ வரை காட்டும் மீட்டருடன் ரெகுலேட்டர், ஈர உறிஞ்சி நிரப்பிய உலர்த்தி, 5 மைக்ரான் ஃபில்டருடன் நீர்ப்பிரிப்பான். கடைசியாக ஆண் நிப்பிள், அதற்கு ஒரு தூசி மூடி.

செக் வால்வை டேங்க் பக்கத்திலேயே வைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நிப்பிள் பக்கத்தில் வைத்தால், நடுவிலுள்ள மூன்று நான்கு மீட்டர் நைலான் குழாய் எப்போதும் அழுத்தத்தில் இருக்கும். ஒரு கல் தெறித்து அதை உடைத்தால் ஓடும் வண்டியில் வெட் டேங்க் காலியாகும். பிரேக் டேங்குகளை அவற்றின் செக் வால்வுகள் காப்பாற்றும், ஆனால் அவற்றை மறுபடி நிரப்ப ஆளிருக்காது. நாலைந்து முறை பிரேக் மிதித்தால் எச்சரிக்கை மணி அடிக்கும். செக் வால்வு டேங்கிலேயே இருந்தால் குழாய் அறுந்தாலும் ஒன்றும் ஆகாது.

கடையில் கிடைக்கும் சாதாரண நியூமேட்டிக் குழாயும் பிளாஸ்டிக் புஷ் ஃபிட்டிங்கும் வேண்டாம். பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். வண்டியின் அதிர்வுக்கும் வெப்பத்துக்கும் அவை செய்யப்பட்டவையல்ல.

ஃபில்டரையும் ரெகுலேட்டரையும் ஓஸின் முனையில் தனியாக வைத்துக்கொள்வோரும் உண்டு. அறைக்குள் நிலையாகப் பொருத்துவதே மேல். அவசரத்தில் ஃபில்டர் இல்லாத ஓஸை யாராவது மாட்டிவிடுவது அப்போது நடக்காது.

வேலையை எந்த வரிசையில் செய்வது?

முதலில் எச்சரிக்கை, ஏனென்றால் இதில் ஆள் சாகலாம். டேங்கைக் காலி செய்ததும் சஸ்பென்ஷன் பைகளும் இறங்கலாம். பல டன் எடையுள்ள உடல் சில அங்குலம் கீழே வரும். அந்த இடைவெளியில் தலையோ மார்போ இருக்கக்கூடாது. வண்டியின் லெவலிங் ஜாக்கை நம்பி அடியில் நுழைய வேண்டாம். தயாரிப்பாளர் குறித்த சேசிஸ் புள்ளிகளில் எடைக்குத் தகுந்த ஸ்டாண்டுகளை வைத்தபின்தான் அடியில் போக வேண்டும்.

சமதளத்தில் நிறுத்தி, பார்க்கிங் பிரேக் குமிழை வெளியே இழுத்து, சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை போடுங்கள். ஸ்டாண்டுகளை வையுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு எல்லா டேங்குகளின் வடிகாலையும் திறந்து, இரண்டு முள்ளும் சுழியத்துக்கு வந்ததைப் பார்த்த பிறகும் வடிகால்களைத் திறந்தே விடுங்கள். வரும் தண்ணீரைக் கவனியுங்கள்: ஒரு கரண்டிக்கு மேல் வந்தாலோ, பால் கலந்த காப்பி நிறத்தில் எண்ணெய் கலந்து வந்தாலோ உங்கள் ட்ரையர் ஏற்கெனவே தீர்ந்துவிட்டது. அதை மாற்றாமல் புதிய இணைப்பைச் சேர்ப்பதில் அர்த்தமில்லை.

எது வெட் டேங்க் என்று குழாயைப் பிடித்துக்கொண்டே போய் உறுதி செய்யுங்கள். ட்ரையரிலிருந்து வரும் தடித்த குழாய் நேராகச் சேரும் டேங்க்தான் அது. ஒரே உருளைக்குள் நடுவில் தடுப்பு வைத்து இரண்டு டேங்காகச் செய்திருப்பதும் வழக்கம். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றாகத்தான் தெரியும். தவறான பாதியில் இணைத்துவிடுவது அடிக்கடி நடப்பது.

மேல்பக்கமோ பக்கவாட்டிலோ காலி வாயில் இருந்தால் அதையே எடுங்கள். இல்லையென்றால் வடிகாலைக் கழற்றி, டி-யைப் போட்டு, டி-யின் கீழ் வாயில் பழைய வடிகாலை மாட்டி, பக்கவாயில் செக் வால்வை மாட்டுங்கள். வடிகால் எப்போதும் எல்லாவற்றுக்கும் கீழே இருக்க வேண்டும். டேங்கில் புதிதாகத் துளையிடவோ வெல்டிங் செய்யவோ கூடாது.

த்ரெட்டுக்கு டேப்பைவிடப் பசை வடிவ சீலன்ட் நல்லது. டேப்தான் கையில் இருக்கிறது என்றால் முனையிலிருந்து முதல் இரண்டு த்ரெட்டை விட்டுவிட்டுச் சுற்றுங்கள். உள்ளே பிய்ந்துபோன டேப் துணுக்கு பயணம் செய்து கடைசியில் உட்காருமிடம் ஏதாவதொரு வால்வின் இருக்கையாகத்தான் இருக்கும். செக் வால்வின் அம்புக்குறி டேங்கை நோக்க வேண்டும்.

நைலான் குழாயைக் குழாய் வெட்டியால் நேராக வெட்டுங்கள். ஆக்சா பிளேடால் வெட்டினால் பிசிறு உள்ளே போகும், முனையும் சாய்ந்துவிடும். இறுக்கும் வகை ஃபிட்டிங் என்றால் குழாய்க்குள் வைக்கும் பித்தளைக் குழலை மறக்காதீர்கள். அது இல்லாமல் இறுக்கினால் குழாய் நசுங்கி, ஒரு மாதம் கழித்து நழுவும். ஜே844 குழாய் சுமார் 93 டிகிரி செல்சியஸ் வரைதான் தாங்கும். எக்ஸாஸ்டிலிருந்து தள்ளியே ஓட்டுங்கள். இரும்பு விளிம்பைக் கடக்குமிடத்தில் ரப்பர் வளையம் போட்டு, அரை மீட்டருக்கு ஒரு கிளாம்ப் வையுங்கள்.

ரெகுலேட்டரை எவ்வளவில் வைப்பது?

110 பிஎஸ்ஐ, அதாவது சுமார் 7.6 பார். பிரேக், சஸ்பென்ஷன் இரண்டுக்கும் இது போதும். பெரும்பாலான வண்டிகளின் கட்-அவுட்டுக்குக் கீழேதான் இருக்கிறது. ட்ரையருக்கு முன்னால் சேர்த்திருந்தால் 100-க்கு மேல் போக வேண்டாம். வெளிக்காற்றை உங்கள் கவர்னர் கட்டுப்படுத்தாது என்பதை மறக்கக்கூடாது. அது இன்ஜின் கம்ப்ரசரை மட்டும்தான் நிறுத்தும். ரெகுலேட்டர் இல்லாமல் 175 பிஎஸ்ஐ தரும் பட்டறைக் கம்ப்ரசரை மாட்டினால், டேங்குக்கும் அதற்கும் நடுவில் நிற்பது அந்த ஒரு சேஃப்டி வால்வு மட்டுமே. பத்து வருடமாகத் திறக்காத வால்வு அன்றைக்குத் திறக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

உலர்த்தி அவ்வளவு அவசியமா? கம்ப்ரசரிலேயே தண்ணீர் வடிக்கும் குழாய் இருக்கிறதே?

கணக்கைப் பாருங்கள். 30 டிகிரி வெப்பம், 80 சதவீத ஈரப்பதம் உள்ள ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் நீராவி இருக்கும். அதை 8 பாருக்கு அழுத்தி, மறுபடி 30 டிகிரிக்கு ஆறவிட்டால், அந்தச் சுருங்கிய காற்றால் மூன்றரை கிராமுக்கு மேல் தாங்க முடியாது. மீதி 20 கிராம் தண்ணீராகச் சொட்டும். காலியான சிஸ்டத்தை ஒருமுறை நிரப்பக் கிட்டத்தட்ட ஒரு கன மீட்டர் காற்று வேண்டும். ஆக ஒவ்வொரு முழு நிரப்புதலுக்கும் நான்கு தேக்கரண்டித் தண்ணீர்.

கம்ப்ரசரின் டேங்கில் ஒரு பகுதி வடியும். ஆனால் சின்னக் கம்ப்ரசர்களில் காற்று ஆறுவதற்குமுன்பே வெளியேறிவிடுகிறது. அது குளிர்வது உங்கள் வெட் டேங்கில்தான். நீர்ப்பிரிப்பானும் துளிகளை மட்டுமே பிடிக்கும், ஆவியைப் பிடிக்காது. அதனால் ஓஸை 10 மீட்டராவது நீளமாக வைத்துக் காற்றை ஆறவிட்டு, பிறகு நீர்ப்பிரிப்பான், அதற்குப் பிறகு உலர்த்தி என்ற வரிசையில் வையுங்கள். நிறம் மாறும் உறிஞ்சி உள்ள கண்ணாடிக் கிண்ண உலர்த்தி என்றால் எப்போது மாற்றுவது என்று பார்த்தாலே தெரியும். உள்ளே போன தண்ணீர் உறைபனி விழும் இரவில் பிரேக் வால்வில் பனிக்கட்டியாகும். பனி விழாத ஊரில் துருவாகும்.

எண்ணெய் ஊற்றி ஓடும் பழைய கம்ப்ரசரைவிட எண்ணெயில்லா வகை நல்லது. எண்ணெய் ஆவி உறிஞ்சியைக் கெடுக்கும், பிரேக் வால்வுகளின் ரப்பரை உப்பவைக்கும்.

எவ்வளவு பெரிய கம்ப்ரசர் வேண்டும்? நிரம்ப எவ்வளவு நேரமாகும்?

எல்லா டேங்குகளின் கொள்ளளவையும் கூட்டி, ஏற வேண்டிய அழுத்தத்தைப் பாரில் பெருக்கினால் வேண்டிய காற்று லிட்டரில் கிடைக்கும். மொத்தம் 120 லிட்டர் டேங்க், சுழியத்திலிருந்து 7.6 பார் என்றால் சுமார் 910 லிட்டர். 60 பிஎஸ்ஐயிலிருந்து 110 வரை என்றால் 3.5 பார், சுமார் 420 லிட்டர். சஸ்பென்ஷன் பைகள் குடிப்பது இதற்கு மேல்.

7 பாரில் நிமிடத்துக்கு 70 லிட்டர் தரும் சிறு பட்டறைக் கம்ப்ரசர் முதல் வேலையை 13 நிமிடத்தில் முடிக்கும். அதே அழுத்தத்தில் 25 லிட்டர் தருவது அரை மணிக்கு மேல் எடுக்கும். பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் எண் அழுத்தமே இல்லாதபோது வரும் அளவு. 7 பாரில் எவ்வளவு என்ற சின்ன எழுத்தைத்தான் பார்க்க வேண்டும்.

முதல் சில நிமிடம் முள் ஏறியும் வண்டி உயரவில்லை என்று பயப்பட வேண்டாம். பிரஷர் புரொடெக்‌ஷன் வால்வு 65 முதல் 85 பிஎஸ்ஐக்குள்தான் சஸ்பென்ஷனுக்கு வழிவிடும். அது திறந்ததும் முள் ஒரே இடத்தில் நிற்பதுபோலத் தெரியும். காற்றெல்லாம் பைகளுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

12 வோல்ட் கம்ப்ரசரை வண்டிக்குள்ளேயே நிரந்தரமாக வைக்கலாமா?

வைக்கலாம். ஆனால் காலியிலிருந்து நிரப்ப அதை நம்பாதீர்கள். இறங்கும் காற்றை ஈடுகட்டத்தான் அது. பல 12 வோல்ட் கம்ப்ரசர்கள் 100 பிஎஸ்ஐயில் மூன்றில் ஒரு பங்கு நேரம்தான் ஓடலாம்: பத்து நிமிடம் ஓட்டினால் இருபது நிமிடம் ஓய்வு. தொடர்ந்து ஓடக்கூடியது என்று எழுதியிருப்பதைத் தேடி வாங்குங்கள். 90-ல் தொடங்கி 110-ல் நிற்கும் பிரஷர் சுவிட்ச், ரிலே, பேட்டரியை ஒட்டியே 40 ஆம்பியர் ஃபியூஸ். 30 ஆம்பியர் இழுக்கும் மோட்டார் பேட்டரியிலிருந்து 5 மீட்டர் தள்ளி இருந்தால் 10 சதுர மில்லிமீட்டர் ஒயர் போடுங்கள். போக வர அரை வோல்ட்தான் இழப்பாகும். 6 சதுர மில்லிமீட்டரில் அது 0.9 வோல்ட்டை நெருங்கும், மோட்டார் திணறும். வண்டிக்குள் விளக்கு முதலியவற்றுக்கான வீட்டுப் பேட்டரியில் இணையுங்கள், இன்ஜின் பேட்டரியில் வேண்டாம்.

முடித்தபின் எப்படிச் சோதிப்பது?

வடிகால்களை மூடி, வெளிக்காற்றை 110 வரை ஏற்றி, புதிய இணைப்புகள் எல்லாவற்றிலும் சோப்புத் தண்ணீர் பூசுங்கள். நுரை வந்தால் அழுத்தத்தை இறக்கிவிட்டுத்தான் ஸ்பேனரைத் தொட வேண்டும்.

அடுத்து இன்ஜினை ஓட்டிக் கட்-அவுட் வரை ஏற்றுங்கள். ஓஸ் மாட்டாமல், பால் வால்வைத் திறந்து, நிப்பிளில் ஈர விரலை வையுங்கள். காற்று வந்தால் செக் வால்வு திரும்பியிருக்கிறது அல்லது அதில் குப்பை சிக்கியிருக்கிறது.

பிறகு இன்ஜினை நிறுத்தி, கட்டைகள் இருக்கும்போதே பார்க்கிங் பிரேக்கை விடுவித்து ஒரு நிமிடம் பாருங்கள்: இழப்பு 2 பிஎஸ்ஐக்கு மேல் கூடாது. பெடலை அழுத்திப் பிடித்துக்கொண்டு இன்னொரு நிமிடம்: 3-க்கு மேல் கூடாது. கடைசியாக வெட் டேங்கை மட்டும் முழுதாக வடித்துவிடுங்கள். டேஷ்போர்டின் இரண்டு முள்ளும் அசையாமல் நிற்க வேண்டும். ஒன்று இறங்கினால் அந்த பிரேக் டேங்கின் செக் வால்வு போய்விட்டது. அது பழைய கோளாறு, ஆனால் சரிசெய்யாமல் வண்டியை எடுக்காதீர்கள்.

பிரேக் சிஸ்டத்தில் கை வைத்திருக்கிறோம் என்பதால், ஏர் பிரேக் தெரிந்த மெக்கானிக் ஒருவர் கண்ணாலும் ஒருமுறை பார்ப்பது நல்லது. வண்டிக்கு வாரண்டி இருந்தால் வேலைக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

கம்ப்ரசர் ஓடிக்கொண்டே இருக்கிறது, 80-க்கு மேல் ஏறவில்லை. என்ன காரணம்?

வண்டிப் பக்கப் பால் வால்வை மூடுங்கள். ரெகுலேட்டர் மீட்டர் சட்டென்று 110-க்கு ஏறினால் குறை வண்டியில். ஏறாவிட்டால் கம்ப்ரசரிலோ ஓஸிலோ. வண்டியில் என்றால், 80-ஐ ஒட்டி நிற்பது பெரும்பாலும் சஸ்பென்ஷன் பக்க லீக்: வழி திறந்ததும் உள்ளே போவதெல்லாம் வெளியே போகிறது. வண்டியின் உயரத்தைக் கட்டுப்படுத்தும் ஹைட் கன்ட்ரோல் வால்வுகளையும் பைகளின் அடிமடிப்பையும் முதலில் பாருங்கள். ட்ரையரின் அடியில் சீறினால், அதன் வெளிவாயில் செக் வால்வு கசிகிறது.

எப்போதும் மாட்டியே வைத்துவிடலாமா?

மாட்டலாம், எங்களுக்கு அது பிடிக்காத பழக்கம். லீக்கை அது மறைத்துவிடும். நாளுக்கு இரண்டு மூன்று முறைக்கு மேல் கம்ப்ரசர் தானாக எழுந்தால் தேட வேண்டிய லீக் ஒன்று இருக்கிறது. ஓஸ் மாட்டியிருக்கும் நேரமெல்லாம் ஸ்டீயரிங்கில் ஒரு சிவப்பு நாடா தொங்கட்டும். ஓஸோடு வண்டியை நகர்த்தினால் உடைவது ஓஸல்ல, சுவரிலுள்ள பல்க்ஹெட் ஃபிட்டிங்.

இன்ஜின் இயங்காத வண்டியை இழுக்க இதைப் பயன்படுத்தலாமா?

இதன் மிகப் பெரிய பயன்களில் ஒன்று அது. இழுவை வண்டி மாட்டிய பிறகு, சக்கரக் கட்டைகள் இருக்கும்போதே 100 பிஎஸ்ஐக்கு மேல் ஏற்றி, அதற்குப் பின் குமிழை உள்ளே தள்ளினால் ஸ்பிரிங் பிரேக் விடும். வரிசையை மாற்றி, அழுத்தம் முழுதாக ஏறுமுன்பே குமிழைத் தள்ளி வைத்தால், காற்று ஏற ஏற யாரும் எதிர்பாராத நொடியில் வண்டி உருளும். வழியில் காற்று இறங்கி 20 முதல் 45 பிஎஸ்ஐக்குள் வந்தால் குமிழ் தானாக வெளியே குதித்துப் பின்சக்கரங்கள் பூட்டிக்கொள்ளும். அதனால் நெடுந்தூரம் என்றால் இழுவை வண்டியிலிருந்து காற்று தொடர்ந்து வர வேண்டும், அந்த ஓஸை உங்கள் நிப்பிளிலேயே மாட்டிக்கொள்ளலாம். மாட்டுமுன் அவர்கள் ஓஸில் தேங்கிய தண்ணீரை ஒரு முறை வெளியே ஊதிவிடச் சொல்லுங்கள்.